திறன்பேசிக்கு எந்தக் காவல் தேவை?

பகாவ் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவியும் செம்பனைக் குலை அறுத்தும் சேர்த்த பணத்தை, முன்பு வங்கிக்குச் சென்றுதான் எடுக்க முடியும். இன்று அந்தச் சேமிப்பைத் திறன்பேசியிலேயே பார்க்கலாம்; பிறருக்கு அனுப்பலாம். திருடர்களும் அதே வழியில் நுழைய முயல்கின்றனர். ஆகவே, கணினியைப் போலத் திறன்பேசிக்கும் நச்சுநிரல் தடுப்புச் செயலி தேவையா என்ற கேள்வி எழுகிறது.

தோட்டத்து லயத்து வீடுகள் ஒட்டியிருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் தனிக்கதவு உண்டு. திறன்பேசியில் உள்ள செயலிகளும் அவ்வாறே தனித்தனியே அடைக்கப்பட்டுள்ளன. உரிமையாளரின் அனுமதியின்றி ஒரு செயலி மற்றொன்றின் தகவலை எளிதில் எடுக்க முடியாது. மேலும், ஆண்ட்ராய்டு திறன்பேசிகளில் 'பிளே புரோடெக்ட்' எனும் காவல் வசதி 2017 முதல் செயலிகளைச் சோதித்து வருகிறது.

அப்படியானால், திருடர்கள் எப்படி நுழைகின்றனர்? பெரும்பாலும் உரிமையாளரே கதவைத் திறந்துவிடுகிறார். மலேசியர்களைக் குறிவைத்த ஒரு மோசடியை 2022 ஏப்ரலில் 'எசெட்' எனும் இணையப் பாதுகாப்பு நிறுவனம் விளக்கியது. வீடு துப்புரவு செய்யும் சேவைகளின் பெயரில் போலி அகப்பக்கங்கள் உருவாக்கப்பட்டன. அவற்றிலிருந்து செயலியைப் பதிவிறக்கம் செய்தவர்களிடம் கட்டணம் செலுத்தும்படி கேட்கப்பட்டது. திரையில் எட்டு மலேசிய வங்கிகளின் பெயர்கள் தோன்றின. பயனர்கள் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்ததும் அது திருடர்களுக்குச் சென்றது. வங்கி அனுப்பிய குறுஞ்செய்தி எண்ணையும் அச்செயலியே அவர்களுக்கு அனுப்பியது. பின்னர், திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் புலனம் வழியாகவும் இத்தகைய 'ஏபிகே' கோப்புகள் பரவின.

இதனால், குறுஞ்செய்தி எண்ணுக்குப் பதிலாக அதைவிடப் பாதுகாப்பான முறைக்கு மாறுமாறு 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா வங்கிகளைப் பணித்தது.

நச்சுநிரல் தடுப்புச் செயலி, ஏற்கெனவே அறியப்பட்ட தீய செயலிகளைக் கண்டுபிடிக்க உதவும். ஆனால், புதியவை அதன் கண்ணில் படாமல் தப்பலாம். போலிப் பக்கத்தில் ஒருவர் தாமே கடவுச்சொல்லைத் தந்தால், அதை மீட்டுத் தர அச்செயலியால் இயலாது. தடுப்புச் செயலி என்ற பெயரிலேயே போலிகளும் உலவுகின்றன. எனவே, அத்தகைய செயலி வேண்டுமென்றாலும் அதை அதிகாரப்பூர்வச் செயலிக் கடையிலிருந்தே பெற வேண்டும்.

இவற்றைவிட முதன்மையானவை சில பழக்கங்களே. செய்தியில் வரும் இணைப்பிலிருந்து செயலியை நிறுவக் கூடாது. இயங்குதளத்தை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். செயலி கேட்கும் அனுமதியைப் படித்துப் பார்க்க வேண்டும். வீடு துப்புரவுச் செயலிக்குக் குறுஞ்செய்தியைப் படிக்கும் அனுமதி எதற்கு? பணம் பறிபோனால், உடனே வங்கியையோ 2022இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணையோ அழைக்க வேண்டும்.

பல வீடுகளில் தாத்தா பாட்டியின் திறன்பேசியில் செயலிகளை நிறுவித் தருபவர்கள் பேரப்பிள்ளைகளே. அவர்கள் இந்தப் பழக்கங்களையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தால், பெரியவர்களின் உழைப்பில் சேர்ந்த பணம் பாதுகாப்பாக இருக்கும்.