மகளின் ஸ்டார்ட்அப்பில் அப்பாவின் கையெழுத்து

பெசன்ட் நகரில் புதிதாகக் கம்பெனி தொடங்கும் பிள்ளைகள் பலருக்கு முதல் அலுவலகம் வீட்டு ஹால்தான். பிரைவேட் லிமிடெட் என்றால் குறைந்தது இரண்டு டைரக்டர்கள் வேண்டும் என்கிறது சட்டம். கூட்டாளி அமையாதவர்கள் அப்பாவையோ அம்மாவையோ சேர்த்துவிடுகிறார்கள். "சும்மா ஒரு கையெழுத்துதான்ப்பா" என்பாள் மகள். பென்ஷன் வாங்கும் அப்பாவும் பான், ஆதார் நகலைக் கொடுத்து, வந்த ஓடிபியையும் சொல்லிவிடுவார். அந்தக் கையெழுத்தின் கனம் என்ன என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில், இந்தப் பிள்ளைகளுக்கு அரசு என்ன செய்கிறது?

அரசுப் பணத்தில் எந்தத் தொழில் உருப்பட்டது என்று கேட்பவர்கள் ஏத்தர் எனர்ஜியைப் பார்க்கலாம். நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் சென்னை ஐஐடியில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013-இல் தொடங்கிய மின்சார ஸ்கூட்டர் நிறுவனம் அது. மின்சார ஸ்கூட்டர் என்றாலே பொம்மை வண்டி என்று சிரித்த காலம். அப்போது கிடைத்த விதைப்பணம் ரூ.45 லட்சம். மத்திய அரசின் தொழில்நுட்ப மேம்பாட்டு வாரியமும் ஐஐடியும் ஒரு தனி முதலீட்டாளரும் சேர்ந்து கொடுத்தது. அதன் பிறகுதான் ஃபிளிப்கார்ட் நிறுவனர்கள் முதலீடு செய்ய வந்தார்கள், முதலீட்டு நிறுவனமான டைகர் குளோபல் வந்தது, ஓசூரில் தொழிற்சாலை எழுந்தது. 2025 மே மாதம் பங்குச்சந்தையில் பட்டியலானது. அடமானம் வைக்க எதுவும் இல்லாத இரண்டு இளைஞர்களுக்கு 2013-இல் எந்த வங்கி கடன் கொடுத்திருக்கும்? அந்த இடைவெளியை நிரப்புவதுதான் அரசின் வேலை. மேடை போட்டு மாநாடு நடத்துவதைவிட இது பெரிய வேலை என்பது என் கருத்து.

ஆனால் மானியத்தை மட்டும் நம்பிக் கணக்குப் போடக் கூடாது. மின்சார இருசக்கர வாகனங்களுக்கான மத்திய மானியத்தின் உச்சவரம்பு வண்டி விலையில் 40 சதவீதமாக இருந்தது. 2023 ஜூன் முதல் ஒரே அறிவிப்பில் 15 சதவீதமாகக் குறைந்தது.

2016 ஜனவரி 16 அன்று தொடங்கிய மத்திய அரசின் ஸ்டார்ட்அப் இந்தியா திட்டத்தில் அங்கீகாரச் சான்றிதழ் தருகிறார்கள். தொடங்கி 10 ஆண்டு தாண்டாத, புதுமையான பொருளோ சேவையோ தரும் நிறுவனங்கள் விண்ணப்பிக்கலாம். ஏற்கெனவே நடக்கும் தொழிலை உடைத்து வேறு பெயரில் கொண்டுவந்தால் செல்லாது. கட்டணம் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. ராஜாஜி பவனுக்கோ வேறு எந்த அலுவலகத்துக்கோ நடக்கவும் வேண்டாம், எல்லாம் இணையத்தில்தான். இந்தச் சான்றிதழ் வந்துவிட்டால் வரியே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். மூன்றாண்டு வருமான வரி விலக்குக்குத் தனியாக விண்ணப்பித்து, அமைச்சகங்களுக்கு இடையிலான வாரியத்தின் ஒப்புதல் பெற வேண்டும். 2025 ஜனவரி வரை அங்கீகாரம் பெற்றவை சுமார் 1.59 லட்சம், அந்த ஆண்டு மே வரை வரி விலக்கு பெற்றவை 3,700-க்குச் சற்று அதிகம். காப்புரிமைக் கட்டணத்தில் 80 சதவீதச் சலுகை உண்டு. கிண்டி காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பிக்கப்போகிறவர்கள் இதைக் கேட்டுப் பெற வேண்டும்.

தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் நடத்தும் டான்சீட் திட்டத்தில் ரூ.10 லட்சம் வரை கிடைக்கிறது. பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கும் பசுமைத் தொழில்நுட்பத்துக்கும் ரூ.15 லட்சம் வரை. பலரும் படிக்காமல் தாண்டிவிடும் வரி ஒன்று இதில் உண்டு: பதிலுக்கு நிறுவனத்தின் 3 சதவீதப் பங்கு ஸ்டார்ட்அப் டிஎன்னுக்குப் போகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எந்தத் திட்டத்திலும் கைக்கு வருவது மானியமா, கடனா, பங்குக்கான விலையா என்று தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

"சீட் ஃபண்ட் 100 சதவீதம் கியாரண்டி, ப்ராசஸிங் ஃபீஸ் மட்டும்" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நம்பாதீர்கள். ஆடிட்டர் செய்யும் வேலைக்குக் கூலி கொடுப்பது வேறு, அரசுப் பணத்தை வாங்கித் தருகிறேன் என்பவனுக்குக் கமிஷன் கொடுப்பது வேறு. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு தூரம் பணத்தை வங்கியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு.

அடுக்குமாடிக் குடியிருப்புக் குழுக்களில், "அரசு அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப், பங்கு வாங்குங்கள்" என்று யாராவது சான்றிதழைப் போட்டுப் பணம் கேட்டாலும் இதே எச்சரிக்கை வேண்டும். அந்தச் சான்றிதழ் உங்கள் பணத்துக்கு அரசு தரும் உத்தரவாதம் அல்ல. பிரைவேட் கம்பெனி இப்படிப் பொதுவெளியில் விளம்பரம் செய்து பங்கு விற்கவே கூடாது. பெயர் குறிப்பிட்ட சலுகைக் கடிதம் தர வேண்டும், பணத்தை வங்கி வழியாக மட்டுமே வாங்க வேண்டும். 60 நாளில் பங்கு ஒதுக்காவிட்டால் அடுத்த 15 நாளில் திருப்பித் தர வேண்டும். தவறினால் 12 சதவீத வட்டி. ரொக்கமாகக் கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

சிறு நிறுவனங்களைப் பெரும்பாலும் வாட்டுவது வராத பில் பணம். குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான இலவச உதயம் பதிவைத் தொழில் தொடங்கும்போதே செய்துவிட்டால் அவற்றுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டம் துணைக்கு வரும். குறு, சிறு நிறுவனத்திடம் வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாளில். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இதற்கான அரசு இணையதளத்தில் புகார் கொடுத்தால் மாநிலத்தின் வசதியாக்க மன்றம் விசாரிக்கும். பெரிய வாடிக்கையாளரைப் பகைத்துக்கொள்ள அஞ்சி இதைப் பயன்படுத்தாதவர்கள்தான் அதிகம். வழக்குக்குப் போகாவிட்டாலும், 45 நாள் விதியைப் பில்லிலேயே அச்சிடுங்கள்.

இனி அப்பாவின் கையெழுத்து. விற்பனையே இல்லாவிட்டாலும் கம்பெனி ஆண்டுதோறும் கணக்கும் ஆண்டறிக்கையும் தாக்கல் செய்தாக வேண்டும். தவறினால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு ரூ.100 தாமதக் கட்டணம். மகளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாலும் இந்த மீட்டர் நிற்காது. தொடர்ந்து மூன்று ஆண்டு தாக்கல் இல்லையென்றால் டைரக்டர்கள் அனைவரும் ஐந்தாண்டுக்குத் தகுதி இழப்பார்கள், அப்பாவும் சேர்த்து. வங்கிக் கடனுக்குத் தனிநபர் ஜாமீனும் போட்டிருந்தால் வீட்டுப் பத்திரம் வரை சிக்கல் நீளும். அந்த ஜாமீனைக் கேட்கும் வங்கியிடம், ஸ்டார்ட்அப்களுக்கென 2022-இல் வந்த மத்திய அரசின் கடன் உத்தரவாதத் திட்டத்தில் இந்தக் கடனைச் சேர்க்க முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

தொழில் ஓடவில்லையென்றால் கம்பெனியை அப்படியே விட்டுவிடாமல், பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்க முறைப்படி விண்ணப்பியுங்கள். ஏற்கெனவே டைரக்டராகக் கையெழுத்திட்ட பெற்றோர், கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுக் கடைசியாக எந்த ஆண்டுக்கான கணக்கு தாக்கலாகியிருக்கிறது என்று இன்றே பாருங்கள்.