ஹோட்டல் தொழிலாளியின் மருத்துவச் சான்றிதழ்

உணவகங்களில் அதிகாரிகளின் சோதனை நடக்கப்போகிறதென்ற செய்தி பரவிவிட்டால், மறுநாள் காலையில் எங்கள் வைத்தியசாலையின் வாசலில் பரோட்டா மாஸ்டர், சப்ளையர், சட்னி அரைப்பவர், தட்டுக் கழுவுபவர் என்று ஒரு கடையின் ஆட்கள் அனைவரும் அச்சடித்த படிவத்துடன் வந்து நிற்கிறார்கள். "பரிசோதனையெல்லாம் வேண்டாம் ஐயா, முதலாளி கையெழுத்து மட்டும் வாங்கிவரச் சொன்னார்" என்கிறார்கள். அண்மையில் அவ்வாறு வந்த ஒருவர் ஆள்காட்டி விரலில் மஞ்சள் குழைத்துப் பூசிக் கந்தல் துணியால் சுற்றியிருந்தார். அவிழ்த்துப் பார்த்தால் நகத்தோரம் சீழ் கட்டியிருந்தது. அன்று விடியற்காலையில் அதே கையால்தான் தேங்காய்ச் சட்னியை வழித்து வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னார்.

சட்டம் கேட்பது

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2011இல் வகுக்கப்பட்ட உரிம விதிகளின் நான்காம் அட்டவணைப்படி, உணவைக் கையாளும் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறை பதிவுபெற்ற மருத்துவரிடம் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். டைபாய்டு வகைக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டுக்குமான அத்தாட்சி கடையில் இருக்க வேண்டும். உடல், கண், தோல் ஆகியவற்றைப் பார்ப்பதும், சந்தேகம் தோன்றினால் உரிய சோதனை செய்விப்பதுமே பரிசோதனை. இதுவன்றி, 25 தொழிலாளருக்கு ஒருவர் வீதம் சுகாதாரப் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளரும் இருக்க வேண்டும்.

வேரூன்றிய தவறான எண்ணங்கள்

"அடுப்பில் கொதிக்கிற பண்டத்தில் கிருமி எப்படி ஐயா உயிரோடிருக்கும்?" என்று பலர் கேட்கிறார்கள். சீழ்ப்புண்ணிலிருந்து உணவில் விழுகிற கிருமி வெப்பத்தில் மடிந்துவிடலாமாயினும், அதற்குள் அது சுரந்துவிட்ட விஷமோ மறுபடி கொதிக்கவைத்தாலும் அழிவதில்லை. சாப்பிட்ட சில மணி நேரத்திற்குள் ஒரு பந்தியே வாந்தியெடுப்பதற்கு அதுவே போதும். சட்னியையோ அடுப்பில் கொதிக்க வைப்பதே இல்லை.

"ஆள் திடகாத்திரமாயிருக்கிறான், அவனுக்கு என்ன வியாதி?" என்பது அதனினும் அபாயகரமான எண்ணம். டைபாய்டு கண்டு குணமானவர்களில் 100க்கு 1 முதல் 5 பேர் வரை, யாதொரு உபத்திரவமுமின்றி, பித்தப்பையில் அந்தக் கிருமியை ஆண்டுக்கணக்காகச் சுமந்து மலத்தின் வழியே வெளியேற்றிக்கொண்டிருக்கிறார்கள். இவர்களைக் கண்டுபிடிக்க வைடல் என்னும் இரத்தப் பரிசோதனை உதவாது. மலத்தைப் பலமுறை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

ஊசி போட்டாயிற்றே என்று நிம்மதி கொள்வாரும் உண்டு. அந்த ஊசி டைபாய்டைக்கூட முழுமையாகத் தடுப்பதன்று. மஞ்சள் காமாலைக்கும் சீதபேதிக்கும் அதனோடு சம்பந்தமேயில்லை. கையுறையின் கதியும் இதுவே: கல்லாவில் சில்லறை வாங்கி, மேசையைத் துடைத்து, அதே உறையோடு இட்லியை எடுத்து வைப்பதைவிடச் சோப்புப் போட்டுக் கழுவிய வெறுங்கை எவ்வளவோ மேல்.

கடைத்தெரு வைத்தியம்

வயிற்றுப்போக்கு வந்தவுடன் மருந்துக் கடையில் பேதியை நிறுத்தும் மாத்திரையொன்றை வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குப் போகிறவரிடம் போக்கு நின்றிருக்கலாமேயன்றிக் கிருமி வெளிப்படுவது நின்றதாகாது. காய்ச்சலுக்கு இரண்டு நாள் மாத்திரை தின்று, சூடு தணிந்ததும் நிறுத்திவிடுகிறவரோ வியாதியை அரைகுறையாக அடக்கி வைத்துக்கொண்டு அடுப்படிக்குத் திரும்புகிறார். கீழாநெல்லியை அரைத்துக் குடித்துக்கொண்டே காமாலையோடு பரிமாறியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். மலத்தால் பரவும் காமாலைகளுள் முக்கியமான ஹெபடைடிஸ் ஏ, கண்ணில் மஞ்சள் தெரிவதற்கு ஒன்றிரண்டு வாரங்களுக்கு முன்பே மிக அதிகமாகப் பரவத் தொடங்கிவிடுகிறது. மஞ்சள் தெரிந்த பின்னும் ஒருவர் பரிமாறுவதை எந்த நியாயத்தால் பொறுப்பது?

முதலாளிகளுக்கு விண்ணப்பம்

நியூயார்க்கில் வீடுகளில் சமையல் வேலை செய்த மேரி மேலன் என்னும் பெண், தம்மிடம் நோயில்லை என்றே நம்பியவண்ணம் டைபாய்டைப் பரப்பி வந்தவர்; 1907இல் தனிமைப்படுத்தப்பட்டு, இனிச் சமைப்பதில்லை என்ற நிபந்தனையின்பேரில் 1910இல் விடுவிக்கப்பட்டார். அதன்பின் அவர் செய்த சலவை வேலையில் கூலி குறைவு. ஆதலால் பெயரை மாற்றிக்கொண்டு மீண்டும் சமையலுக்கே போனார். 1915இல் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் 25 பேர் நோயுற்றபோது மறுபடி அகப்பட்டார். கூலி போய்விடுமென்ற பயம் இருக்குமட்டும் எந்தத் தொழிலாளியும் தன் வியாதியை வாய்திறந்து சொல்லமாட்டார்.

ஆகவே உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: வாந்தியோ பேதியோ கண்டவரை, அது முற்றும் நின்று 48 மணி நேரம் கழியும்வரை, சம்பளத்தைப் பிடிக்காமல் வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். கையில் புண்ணுள்ளவருக்கு உணவைத் தொடாத வேறு வேலை கொடுங்கள். ஆட்களின் கழிவறையில் தண்ணீரும் சோப்பும் எந்நேரமும் இருக்கட்டும். சோதனைக்கு முந்தின நாள் கூட்டமாக அனுப்பாமல், ஓய்வான நாளில் இருவர் மூவராக அனுப்புங்கள். நாங்கள் பார்த்தே கையெழுத்திடுகிறோம்.