லாரியில் பாட்டுக்கு ஒற்றை பேட்டரி லைன் ஏன் கூடாது?

காரைக்கால் துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றும் கனரக லாரிகளில் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் பெறுகிறார்கள். கார்களுக்கான ஆம்ப்ளிஃபயரோ 12 வோல்ட்டில் இயங்குவது. அதனால் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் லைன் இழுத்துவிடுவது எளிதாகத் தோன்றும். ‘வண்டி ஓடினால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றிவிடுமே’ என்பார்கள். ஆனால் தொடர் இணைப்பில் இரண்டு பேட்டரிக்கும் ஒரே அளவு மின்னோட்டம்தான் பாயும். பாட்டுக்குக் கொடுத்த பேட்டரி நிரம்பாமலே கிடக்கும்; மற்றது அளவுக்கு மீறி சார்ஜாகிக் கொதிக்கும். கடைசியில் இரண்டும் கெடும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் கூடுதல் செலவுதான். ஆனால் அது பேட்டரிகளைக் காக்கும்.

கன்வெர்ட்டரை ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும்; அப்போதுதான் பேட்டரியிலிருந்து வரும் நீண்ட வயரில் 24 வோல்ட்டே செல்லும். 480 வாட்டுக்கு 12 வோல்ட்டில் 40 ஆம்பியர் தேவை. 24 வோல்ட்டில் 20 போதும். மின்னோட்டம் பாதியானால் வயரில் வீணாகும் வெப்பம் கால்வாசியாகும். கடற்கரை ஊரில் இது இன்னும் முக்கியம். உப்புக் காற்றில் செம்பு முனையில் பச்சைக் களிம்பு படிந்து இணைப்பின் மின்தடை 0.05 ஓம் கூடினாலே, 40 ஆம்பியரில் 2 வோல்ட் குறையும்; 80 வாட் அங்கேயே சூடாகும். ஸ்பீக்கர் பிசிறடிக்கும், வயர் உருகும். ஆகவே வெள்ளீயம் பூசிய செம்பு வயர், அதன் முனையில் இறுக்கமான லக் (lug), பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ்: ஸ்பீக்கருக்கு முன் செலவழிக்க வேண்டியது இவற்றுக்கே.