கம்பளி தரும் செம்மறியும் கிராமக் கைத்தொழிலும்

செம்மறி ஆடு வளர்க்கும் குடியானவருக்கு ஆட்டினால் கிடைக்கும் பயன்கள் மூன்று. குட்டிகளை விற்றுப் பணம் பெறுகிறார்; வயலில் கிடை அமர்த்தி எருப் பெறுகிறார்; உரோமம் பெறுகிறார். முதல் இரண்டின் மதிப்பை நம் கிராமங்கள் நன்கு அறிந்திருக்கின்றன. மூன்றாவதான உரோமமோ இன்று பல இடங்களில் கத்தரிக்கும் கூலிக்குக் கூட ஈடாகாமல், வேலி ஓரத்தில் எறியப்படுகிறது. ஒரு காலத்தில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்ட பொருள் இவ்வாறு வீணாவது ஏன், அதனைத் திரும்பவும் பயனுள்ளதாக்க ஊராட்சிகள் என்ன செய்யலாம் என்பதை இங்கு ஆராய்வோம்.

நம் மாநிலத்துக் கம்பளி இனங்கள்

தமிழ்நாட்டுச் செம்மறிகளில் மேச்சேரி, சென்னைச் சிவப்பு, இராமநாதபுரம் வெள்ளை, கீழக்கரிசல், வேம்பூர் போன்றவை இறைச்சிக்கும் தோலுக்கும் உரியவை. உரோமம் தருபவை மூன்று இனங்களே. கோயம்புத்தூர், திண்டுக்கல் பகுதிகளில் காணப்படும் கோவைக் குரும்பை ஒன்று. திருச்சி, பெரம்பலூர், சேலம், தருமபுரி வட்டாரங்களில் உள்ள திருச்சிக் கறுப்பு எனப்படும் கருங்குரும்பை மற்றொன்று. மூன்றாவது நீலகிரி ஆடு. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், உள்ளூர் ஆடுகளோடு மெரினோ முதலிய வெளிநாட்டு இனங்கள் கலந்து இவ்வினம் உருவாயிற்று.

நீலகிரி ஆட்டின் உரோமம் மெல்லியது. அதன் இழைப் பருமன் ஏறத்தாழ 27 மைக்ரான். கோவைக் குரும்பையின் இழையோ 40 மைக்ரான் அளவு தடித்தது. தடித்த இழை சட்டைத் துணிக்கு ஏற்றதன்று. ஆனால் போர்வைக் கம்பளி, விரிப்பு, தரைக் கம்பளம் ஆகியவற்றுக்கு அது மிகவும் ஏற்றது. கருங்குரும்பையின் உரோமத்திற்குச் சாயம் இடும் செலவும் இல்லை. ஆகவே நம்முடைய உரோமம் தரமற்றது என்று எண்ணுவது தவறு. ஒவ்வோர் உரோமத்துக்கும் தக்க பொருளை நெய்வதே அறிவுடைமை.

தொழில் நலிந்ததன் காரணம்

குறும்பர் குலத்தார் பலர் ஆடு மேய்ப்பதையும் கம்பளி நெய்வதையும் ஒரே குடும்பத் தொழிலாகக் கொண்டிருந்தனர். ஆலையில் செய்த மலிவான போர்வைகளும் செயற்கை இழைகளும் சந்தைக்கு வந்தபின் கைத்தறிக் கம்பளிக்கு ஆதரவு குறைந்தது. இறைச்சியின் விலை ஏற ஏற, விரைவில் எடை கூடும் குட்டிகளை நாடி, கம்பளி மந்தைகளில் உரோமமற்ற இனத்துக் கிடாக்களை விட்டனர். இக்கலப்பினால் பிறக்கும் குட்டிகளுக்கு உரோமம் குறைந்துவிடுகிறது. நெசவாளருக்கு உரோமம் கிடைப்பது அரிதாகிறது. தறி நின்றால் உரோமம் வாங்குவோர் இல்லை. வாங்குவோர் இல்லையெனில் கம்பளி ஆட்டை வளர்ப்போர் இல்லை. இச்சுழலை எங்கேனும் ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும்.

நட்டத்திற்கு ஆடு வளர்க்கும்படி எந்த விவசாயியையும் நாம் கேட்க இயலாது. குட்டி விற்பனையே அவருக்கு முதல் வருவாய். உரோமம் அதன்மேல் கிடைக்கும் துணை வருவாயாக அமைய வேண்டும்.

மந்தையின் பராமரிப்பு

நல்ல உரோமம் நல்ல உடம்பிலிருந்தே வரும். 25 அல்லது 30 பெட்டை ஆடுகளுக்கு ஒரு கிடா போதும். அக்கிடா அதே கம்பளி இனத்தில் தேர்ந்தெடுத்ததாகவும், வேறு மந்தையில் பிறந்ததாகவும் இருத்தல் நலம். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கிடாவை மாற்றினால் நெருங்கிய உறவுக் கலப்பைத் தவிர்க்கலாம். சினைக்காலம் ஏறத்தாழ 150 நாட்கள். கடைசி ஆறு வாரங்களில் தாய் ஆட்டுக்குக் கூடுதல் தீவனம் அளித்தால் குட்டி வலுவுடன் பிறக்கும்.

மேய்ச்சலுக்குக் கொங்கு நாட்டுக் கொறங்காடு சிறந்த முன்மாதிரியாகும். கிளுவை வேலி சூழ, நடுவில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் வளரும் இந்நிலம் வறட்சியிலும் ஆட்டுக்கு உணவளிக்கிறது. வெள்வேலங்காய் கோடைக்குக் கைகொடுக்கும்.

துள்ளுமாரி, ஆட்டுக்கொல்லி, அம்மை, நீலநாக்கு ஆகிய நோய்களுக்குக் கால்நடை மருத்துவரைக் கலந்து உரிய காலத்தில் தடுப்பூசி இடுதல் அவசியம். மழைக்கு முன்னும் பின்னும் குடற்புழு நீக்க மருந்து கொடுக்க வேண்டும். நோயுற்ற ஆட்டின் உரோமம் இடையில் நலிந்து, நூற்கும்போது அறுந்துவிடும்.

கத்தரிப்பதில் கவனம்

மாசி, பங்குனியில் ஒரு முறையும், அடைமழைக்கு முன் ஓரளவு உரோமம் வளர இடம் விட்டு மற்றொரு முறையும் கத்தரிக்கலாம். முதலில் ஆட்டை ஓடையிலோ குளத்திலோ கழுவி, ஓரிரு நாள் காயவிட வேண்டும். புழுதித் தரையில் கத்தரிக்காது, தார்ப்பாய் விரித்துக் கத்தரித்தல் வேண்டும். ஒரே இடத்தில் இருமுறை வெட்டினால் இழை துண்டுபட்டு நூலுக்கு உதவாது. வயிறு, கால் பகுதிகளின் உரோமத்தைத் தனியே வைக்க வேண்டும். கறுப்பையும் வெள்ளையையும் கலக்கலாகாது. ஒட்டுப்புல், நாயுருவி விதைகளை அப்போதே பொறுக்கி எடுத்தால் பின்னால் பாதி வேலை மிச்சமாகும். சணல் சாக்கில் கட்டினால் சணல் நார் உரோமத்தோடு கலந்துவிடும் ஆதலால் துணிப் பையே நல்லது.

உரோமத்திலிருந்து கம்பளி

சேர்த்த உரோமத்தை மிதமான வெந்நீரில் பூந்திக்கொட்டைக் கரைசல் அல்லது சோப்புக் கொண்டு அலசி, நிழலில் உலர்த்துவர். பின் சிக்கெடுத்து, வில்லால் அடித்துப் பஞ்சுபோல் ஆக்கி, இராட்டையில் நூற்பர். பாவு நூலுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி பூசி, குழித்தறியில் நெய்வர். நெய்த கம்பளியை நீரில் நனைத்து மிதித்தால் இழைகள் ஒன்றோடொன்று பின்னி இறுகும். இதனாலேயே அத்துணி தூறலைத் தாங்குகிறது, குளிரையும் தடுக்கிறது.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஆடு ஒன்றுக்கு ஆண்டில் அரைக் கிலோ உரோமம் என்று கொண்டால் 40 ஆடுகளுக்கு 20 கிலோ. கழிவு கால் பங்கு போக 15 கிலோ மிஞ்சும். ஒரு கம்பளிக்கு 2 கிலோ என்றால் ஏழு கம்பளிகள் ஆகும். ஏழு கம்பளிக்காக ஒருவர் சந்தை தேட இயலாது. பத்து மந்தைகள் சேர்ந்தால் எழுபத்தைந்து கம்பளி ஆகிவிடும். அதற்கு வாங்குவோர் தாமே வருவர். ஒன்றுகூடுவதன் பயன் இதுவே.

ஊராட்சியின் கடமை

1992இல் இயற்றப்பட்ட அரசியலமைப்பின் 73ஆம் திருத்தம், ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத் தக்க 29 துறைகளைப் பதினோராம் அட்டவணையில் குறிப்பிடுகிறது. கால்நடை வளர்ப்பும் கிராமக் குடிசைத் தொழில்களும் அவற்றுள் அடங்கும். ஆகவே இப்பணி ஊராட்சிக்குப் புறம்பானதன்று. செய்யத் தக்கவை சில:

ஒன்று, மேய்ச்சல் புறம்போக்கையும் மந்தைவெளியையும் அளந்து கல் நாட்டி, ஆக்கிரமிப்பிலிருந்து காத்தல். மேய்ச்சல் இல்லையேல் மற்றவை யாவும் வீண்.

இரண்டு, கத்தரிக்கும் பருவத்தில் ஆடு கழுவத் தண்ணீரும், பொதுவான கத்தரிக்கும் களமும், உரோமம் சேமிக்க ஈரமற்ற அறையும் அமைத்தல்.

மூன்று, ஆடு வளர்ப்போரையும் நூற்பவரையும் நெய்பவரையும் ஒரே கூட்டுறவுச் சங்கத்தில் சேர்த்தல். நூற்பு வேலையில் பெண்களுக்கு நியாயமான கூலியைச் சங்கமே நிர்ணயிக்க வேண்டும்.

நான்கு, நல்ல கம்பளி இனக் கிடாக்களை ஊர்ப் பொதுவில் வாங்கி முறை வைத்து வழங்குதல்.

தொழில்நுட்ப அறிவுரைக்கு நீலகிரியில் சாந்திநல்லா ஆராய்ச்சி நிலையமும், கொடைக்கானல் மலையில் மன்னவனூர் மத்திய ஆராய்ச்சி நிலையமும் உள்ளன. அவற்றை நாடத் தயங்கலாகாது.

நெய்ய உதவாத கழிவு உரோமத்தையும் வீணாக்க வேண்டா. அதில் நைட்டிரஜனும் கந்தகமும் உள்ளன. மரக்கன்றுக் குழியில் மண்ணோடு கலந்தால் மெல்ல மக்கி உரமாகும், ஈரத்தையும் காக்கும்.

கம்பளி ஆட்டின் இனம் ஒருமுறை கலப்பில் கரைந்துபோனால் மீட்பது எளிதன்று. தறியில் அமர்ந்து கற்ற முதியவரின் கைத்திறனும் அத்தகையதே. இரண்டும் நம்மிடையே இருக்கும்பொழுதே, அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் உறுப்பினர்கள் ஒரு கேள்வியை எழுப்புவார்களாக: நம் ஊரில் எத்தனை கம்பளி ஆடுகள் உள்ளன, அவற்றின் உரோமம் எங்கே போகிறது? அக்கணக்கை எடுப்பதே இப்பணியின் தொடக்கமாகும்.