‘ஓடாதாம்’: அக்கம்பக்கத்துச் செய்தியைத் தமிழில் சொல்லக் கற்பித்தல்

உயர்நிலை வகுப்பில் ‘அண்டை வீட்டாருடன் நல்லுறவு’ என்று தலைப்புக் கொடுத்தால் நம் மாணவர்கள் ஒரு பக்கம் எழுதிவிடுவார்கள். ‘தனிமரம் தோப்பாகாது’ என்று தொடங்கி ‘ஒற்றுமையே பலம்’ என்று முடிப்பார்கள். அதே மாணவரிடம், “நாளைக்குக் காலையில லிஃப்ட் ஓடாது. இதைப் பக்கத்து வீட்டுப் பாட்டிக்குச் சொல்லுங்க பார்க்கலாம்” என்றால் தடுமாற்றம்தான். “பாட்டி, லிஃப்ட்... நாளைக்கு... மெயின்டனன்ஸ்...” அதோடு நின்றுவிடும். எத்தனை மணிக்கு நிற்கும், எப்போது திரும்ப ஓடும், பாட்டி என்ன செய்யவேண்டும் என்பதெல்லாம் வராது.

அண்டை வீட்டாரிடம் ஒரு செய்தியை, ஒரு கவலையை, வீட்டுக்குப் பயன்படும் ஒரு தகவலைச் சொல்வது தனித் திறன். அதற்கென்று தமிழில் தனி மொழிக்கூறுகள் உள்ளன. அவற்றை எப்படிக் கற்பிக்கலாம் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

இது ஏன் தமிழ் வகுப்பின் வேலை?

சிங்கப்பூரில் பெரும்பாலோர் வீவக அடுக்குமாடி வீடுகளில் வசிக்கிறோம். 1989 முதல் நடப்பில் இருக்கும் இன ஒருமைப்பாட்டுக் கொள்கையால் ஒவ்வொரு புளோக்கிலும் எல்லா இனத்தவரும் கலந்து வாழ்கிறார்கள். நல்ல ஏற்பாடு. அதன் இன்னொரு பக்கத்தையும் கவனிக்கவேண்டும். ஒரு தளத்தில் ஒன்றிரண்டு தமிழ் வீடுகள் இருப்பதே பெரிது. தமிழ் மட்டும் நன்றாகத் தெரிந்த ஒரு முதியவருக்கு, மின்தூக்கி அருகே ஒட்டியிருக்கும் ஆங்கில அறிவிப்பை விளக்கிச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அடுத்த வீட்டில் இருக்கும் நம் உயர்நிலை இரண்டு மாணவராக இருக்கலாம். அவருக்குச் சொல்லத் தெரியாவிட்டால் அந்தச் செய்தி முதியவரைப் போய்ச் சேராது. அவ்வளவுதான்.

2005ஆம் ஆண்டின் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வு வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு உரிய இடம் தந்தது. அதன் பிறகு நாம் பேச்சுத் தமிழை வாய்மொழித் தேர்வுக்காக நிறையவே பழக்குகிறோம். காணொளியைப் பார்த்துக் கருத்துச் சொல்வதும் தேவைதான். ஆனால் கருத்துச் சொல்வது வேறு, ஒருவர் அதைக் கேட்டுவிட்டு நடந்துகொள்ளும்படி தகவல் சொல்வது வேறு.

அறிவிப்பிலிருந்து பேச்சுக்கு

முதலில் ஒரு சிறிய அறிவிப்பை எடுத்துக்கொள்வோம்.

“பராமரிப்புப் பணி காரணமாக, 12ஆம் தேதி காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை மின்தூக்கி இயங்காது. இடையூறுக்கு வருந்துகிறோம்.”

இதையே பாட்டியிடம் சொல்லும்போது எப்படி மாறவேண்டும்?

“பாட்டி, வர்ற வியாழக்கிழமை காலையில ஒன்பது மணியிலேர்ந்து மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் நம்ம பக்கத்து லிஃப்ட் ஓடாது. கீழ நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க, நானே படிச்சேன். அன்னைக்கு உங்களுக்கு கிளினிக் இருக்குல்ல? ஒன்பது மணிக்கு முன்னாடியே கீழ போயிடுங்க. வரும்போது ரெண்டு மணி ஆகலைன்னா கீழ உக்காந்திருங்க, அம்மாவுக்கு போன் பண்ணுங்க.”

என்னென்ன மாறியிருக்கின்றன என்று மாணவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லலாம். தேதி கிழமையாகிவிட்டது, ஏனென்றால் பாட்டியின் நாள்கள் கிழமையில்தான் ஓடுகின்றன. ‘இயங்காது’ என்பது ‘ஓடாது’ ஆனது. வருத்தம் தெரிவித்தது போய், யோசனை வந்தது. செய்தி எங்கிருந்து கிடைத்தது என்பது புதிதாகச் சேர்ந்தது.

இதிலிருந்து நான்கு கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிவிடலாம்: என்ன நடக்கிறது? எங்கே, எப்போது? உனக்கு எப்படித் தெரியும்? கேட்பவர் என்ன செய்யவேண்டும்? அக்கம்பக்கத்துச் செய்தி எதுவாக இருந்தாலும் இந்த நான்கும் இருந்தால் போதும். பெரும்பாலான மாணவர்கள் முதல் இரண்டையும் சொல்லிவிடுவார்கள். நான்காவதைக் கொஞ்சம் தூண்டினால் சொல்வார்கள். மூன்றாவதைத்தான் விட்டுவிடுவார்கள். தமிழோ அந்த மூன்றாவது கேள்விக்குத்தான் அருமையான கருவிகளை வைத்திருக்கிறது.

‘ஆம்’ என்ற ஒரு சிறு சொட்டு

பின்வரும் நான்கு வாக்கியங்களைப் பாருங்கள்.

“லிஃப்ட் ஓடல. நான் இப்பதான் பார்த்தேன்.”
“லிஃப்ட் ஓடலையாம்.”
“லிஃப்ட் ஓடல போலிருக்கு.”
“லிஃப்ட் இந்நேரம் ஓடிக்கிட்டிருக்கும்.”

முதலாவது கண்ணால் கண்டது. இரண்டாவது பிறர் சொல்லிக் கேட்டது. மூன்றாவது, ஏதோ ஓர் அடையாளத்தை வைத்து ஊகித்தது. மாடிப்படியில் நிறையப் பேர் ஏறுவதைப் பார்த்திருக்கலாம். நான்காவது எதிர்கால வினை. ஆனால் அது எதிர்காலத்தைக் குறிக்கவில்லை, ‘அநேகமாக’ என்ற பொருளைத் தருகிறது. ஆங்கிலத்தில் இதற்கெல்லாம் தனிச் சொற்களைச் சேர்க்கவேண்டும். தமிழில் வினைமுற்றின் வாலிலேயே அது வந்துவிடுகிறது. நம் வீடுகளில் பாட்டிமார்கள் இதை நாள் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள்: “வர்றாளாம்”, “வேணாமாம்”, “முடியாதாம்.”

கற்பிக்கும்போது மூன்று குழப்பங்கள் வரும். ‘ஏழாம் மாடி’ என்பதில் உள்ள ‘ஆம்’ வரிசை எண்ணைக் குறிப்பது, அது வேறு. ‘வரலாம்’ என்பதில் உள்ளது வாய்ப்பையோ அனுமதியையோ குறிப்பது, அதுவும் வேறு. மூன்றாவது, குரலை மாற்றினால் ‘ஆம்’ நம்பிக்கையின்மையைக் காட்டும். “அவருக்கு நேரமில்லையாம்!” என்று இழுத்துச் சொன்னால் நாம் அதை நம்பவில்லை என்று பொருள். இந்த மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிக் காட்டினால் மாணவர்கள் சிரித்துக்கொண்டே பிடித்துக்கொள்வார்கள்.

‘ஆம்’ உதிர்ந்தால் என்ன ஆகும்?

இப்போது ஒரு சங்கிலியைப் பாருங்கள். வகுப்பில் நான்கு மாணவர்களை வரிசையாக நிற்கவைத்து நடத்தலாம்.

முதலாமவர்: “ஏழாவது மாடியில ரெண்டு பேர் வீடு வீடா கதவைத் தட்டுறாங்க, பார்த்தேன். கொசு பார்க்க வந்தவங்க போலிருக்கு.”
இரண்டாமவர்: “கொசு பார்க்க ஆள் வந்திருக்காங்களாம்.”
மூன்றாமவர்: “நம்ம புளோக்குல டெங்கி இருக்காம், அதான் வந்திருக்காங்களாம்.”
நான்காமவர்: “நம்ம புளோக்குல டெங்கி வந்துருச்சு. ஏழாவது மாடியில யாருக்கோ.”

இதில் யாரும் வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை. ‘போலிருக்கு’ முதலில் ‘ஆம்’ ஆனது. பிறகு புதிதாக ஒரு காரணம் ஒட்டிக்கொண்டது. கடைசியில் ‘ஆமும்’ உதிர்ந்தது. ஊகமாகக் கிளம்பியது உண்மையாக இறங்கிவிட்டது. வதந்தி எப்படிப் பிறக்கிறது என்பதை இலக்கணமே காட்டுகிறது. எந்த இடத்தில் சங்கிலி கெட்டது என்று மாணவர்கள் விரல் வைத்துக் காட்டட்டும். ‘செய்தியைச் சரிபாருங்கள்’ என்று பத்து முறை அறிவுரை சொல்வதைவிட இது நன்றாக மனத்தில் பதியும்.

நான்காமவரின் வாக்கியத்தில் இன்னொரு கோளாறும் உண்டு. யாருக்கு நோய் என்பது அக்கம்பக்கத்துச் செய்தியாகாது. வட்டாரத்தில் தொங்கவிடப்படும் டெங்கி எச்சரிக்கைப் பதாகைகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். பத்துக்குக் குறைவான சம்பவங்கள் என்றால் மஞ்சள், பத்தும் அதற்கு மேலும் என்றால் சிவப்பு. அதில் எண்ணிக்கையைச் சொல்வார்களே தவிர, ஆளைச் சொல்லமாட்டார்கள். எதைச் சொல்லவேண்டும், எதை விடவேண்டும் என்பதற்கு அதுவே நல்ல பாடம்.

எழுத்துத் தமிழில் இந்த ‘ஆம்’ அதிகம் வராது. ‘எனக் கூறப்படுகிறது’, ‘எனத் தெரிகிறது’ என்று எழுதுவோம். அவற்றில் சொன்னவர் யார் என்பது மறைந்துவிடுகிறது. ஆகவே மின்னஞ்சல் எழுதும்போது ‘கீழ்த்தள அறிவிப்பில் படித்தேன்’, ‘நகர மன்ற ஊழியர் ஒருவர் கூறினார்’ என்று மூலத்தைக் குறிப்பிட்டு எழுதப் பழக்கலாம்.

கவலையைச் சொல்வது, குற்றம் சாட்டாமல்

செய்தியைவிடக் கடினமானது கவலையைச் சொல்வது. குளியலறைக் கூரையில் ஈரம் தெரிகிறது. மேல்வீட்டுக்காரரிடம் பேசவேண்டும். மாணவர்கள் பொதுவாக இப்படித் தொடங்குவார்கள்:

“அங்கிள், உங்க வீட்டுத் தண்ணி எங்க வீட்டுல ஒழுகுது.”

இது ஊகம்; ஆனால் கண்ணால் கண்டதுபோல் சொல்லப்படுகிறது. சண்டை அங்கேதான் ஆரம்பிக்கிறது. கண்டதை மட்டும் சொன்னால் எப்படி இருக்கும்?

“அங்கிள், எங்க குளியலறைக் கூரையில போன வாரத்திலேர்ந்து ஈரம் தெரியுது. எங்கேர்ந்து வருதுன்னு தெரியல. நேரம் இருக்கும்போது வந்து பார்க்கிறீங்களா? அப்பாவும் வீட்டுல இருப்பாரு.”

கண்டது, தெரியாதது, வேண்டுகோள் என்ற மூன்றும் வரிசையாக வருகின்றன. இதோடு பயனுள்ள தகவல் ஒன்றையும் சேர்த்துச் சொல்லலாம். இப்படிப்பட்ட கசிவை மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் சேர்ந்து சரிசெய்யவேண்டும் என்பதே வீவகவின் நிலைப்பாடு. அதன் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்திற்குத் தகுதி பெற்றால் செலவில் பாதியைக் கழகம் ஏற்கும். மீதியை இரு வீட்டாரும் ஆளுக்குக் கால் பங்காகக் கட்டுவார்கள். இந்த விவரம் தெரிந்திருந்தாலே “யார் காசு?” என்ற கேள்வியின் சூடு தணிந்துவிடும். சுமுகமாகப் பேச முடியாத நிலை வந்தால் நாடுவதற்கு 1998 முதல் சமூக சமரச நிலையம் இருக்கிறது என்பதையும் மூத்த மாணவர்களுக்குச் சொல்லிவைக்கலாம்.

வீட்டுக்குப் பயன்படும் தகவல்

யோசனை சொல்லும்போது வெறும் கட்டளை எடுபடாது. பெரியவர்களிடம் “தண்ணியக் கொட்டுங்க” என்று ஒரு பிள்ளை சொன்னால் யார் கேட்பார்? காரணம் சேர்ந்தால் கேட்பார்கள். ‘-னா’, ‘-னால’, ‘அதனால’ ஆகியவற்றைப் பழக்க இதைவிட நல்ல இடம் இல்லை.

டெங்கியை எடுத்துக்கொள்வோம். ஏடிஸ் கொசு இருபது காசு அளவு தேங்கிய நீரிலும் முட்டையிடும். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் போதும். அதனால்தான் பூந்தொட்டித் தட்டு, வாளி, பூச்சாடி ஆகியவற்றை அடிக்கடி பார்க்கச் சொல்கிறார்கள். மாணவர் இப்படிச் சொல்லலாம்: “ஆன்ட்டி, துளசித் தொட்டிக்குக் கீழ இருக்கிற தட்டுல தண்ணி நிக்குது. அப்படியே விட்டா ஒரு வாரத்துல கொசு வந்துரும். நான் கொட்டிடட்டுமா?” கடைசிக் கேள்வியில்தான் மரியாதை இருக்கிறது. அடுத்தவர் வீட்டுப் பொருளைத் தொடுமுன் அனுமதி கேட்கிறோம்.

மோசடி அழைப்புகளும் அப்படித்தான். “பாட்டி, போலீஸ்னு சொல்லி யாராவது போன் பண்ணிப் பணம் அனுப்பச் சொன்னா வச்சிடுங்க. உண்மையான அதிகாரிங்க போன்ல பணம் அனுப்பச் சொல்லமாட்டாங்க. சந்தேகமா இருந்தா என்னைக் கூப்பிடுங்க, 1799க்கு அடிச்சுக் கேட்கலாம்.” இந்த மூன்று வாக்கியங்களைத் தடுமாறாமல் சொல்லத் தெரிந்த மாணவர் ஒரு முதியவரின் சேமிப்பைக் காப்பாற்றக்கூடும். தீ என்றால் 995, காவல்துறைக்கு 999 என்ற எண்களையும் தமிழில் சொல்லிப் பழகட்டும். “ஒன்பது ஒன்பது அஞ்சு” என்று இலக்கம் இலக்கமாகச் சொன்னால்தான் கேட்பவருக்குப் பதியும்.

வகுப்பில் நடத்த ஒரு திட்டம்

இரண்டு பாடவேளைகள் போதும்.

முதல் பாடவேளை: மாணவர்கள் தங்கள் புளோக்கின் அறிவிப்புப் பலகையிலிருந்து ஓர் அறிவிப்பைப் படமெடுத்து வரட்டும். எந்த மொழியில் இருந்தாலும் பரவாயில்லை. இணையராக அமர்ந்து, நான்கு கேள்விகளுக்கும் விடை எழுதிக்கொள்வார்கள். பிறகு எழுதியதைப் பார்க்காமல் ஒருவர் பாட்டியாகவும் ஒருவர் அண்டை வீட்டுப் பிள்ளையாகவும் பேசவேண்டும். பாட்டியாக இருப்பவர் கட்டாயம் ஒரு கேள்வி கேட்கவேண்டும்: “உனக்கு யாரு சொன்னா?”

இரண்டாம் பாடவேளை: வதந்திச் சங்கிலி விளையாட்டு, அதன்பின் அதே செய்தியை வசிப்போர் குழுவுக்கு எழுதும் மின்னஞ்சலாக மாற்றுதல். ‘ஓடாதாம்’ என்பது ‘இயங்காது என்று அறிவிப்பில் படித்தேன்’ என்று மாறுவதைக் கவனிக்கச் செய்யலாம். பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள உறவு இதில் தானாகவே விளங்கும்.

கூடுதல் உதவி தேவைப்படும் மாணவர்களுக்கு ஒரே சூழலை எடுத்து, வாக்கியத் தொடக்கங்களைக் கொடுத்துவிடலாம். உயர்தமிழ் மாணவர்கள் நான்கு வகைச் சான்று வாக்கியங்களையும் ஒரே உரையாடலில் பயன்படுத்திப் பார்க்கட்டும். மதிப்பிடும்போது உச்சரிப்பு, சரளம் ஆகியவற்றோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கேட்டவருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரிந்ததா? தெரிந்தது என்றால் அந்த மாணவர் தேறிவிட்டார்.

வீட்டுப்பாடமாக, இந்த வாரம் ஒரே ஓர் உண்மையான செய்தியைத் தமிழ் பேசும் ஒரு பெரியவரிடம் சொல்லிவிட்டு, அவர் என்ன கேட்டார் என்பதை இரண்டு வரியில் எழுதி வரச் சொல்லுங்கள். பக்கத்தில் தமிழ்க் குடும்பம் இல்லாதவர்கள் சொந்தத் தாத்தா பாட்டியிடம் தொலைபேசியில் சொல்லலாம். அந்த இரண்டு வரிகளில் நாம் கற்பிக்காத சொற்களும் வந்து சேரும். அடுத்த பாடத்தை அவற்றிலிருந்தே தொடங்கலாம்.