தோட்டப்புற முதியோரும் தொலைக்காட்சி இசைவிழாவும்: நெகிரி செம்பிலானை முன்வைத்துச் சில எண்ணங்கள்

சென்னையில் ஆண்டுதோறும் நிகழும் மார்கழி இசைவிழாவும் திருவையாற்றுத் தியாகராசர் ஆராதனையும் தொலைக்காட்சி வழியே கடல்கடந்த தமிழர் இல்லங்களை எட்டியுள்ளன. இவற்றை முதுமையில் கேட்டுச் சுவைத்தல் இளமைக் கேள்வியினின்றும் வேறுபட்டதோர் அனுபவமாகும். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பால்மரம் வெட்டி ஓய்ந்த தலைமுறையை மனத்திற்கொண்டு அவ்வேறுபாட்டை விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

முதலாவது, காலம் பற்றியது. 1982 முதல் மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியுள்ளது. சென்னையில் மாலை 6.30 மணிக்குத் தொடங்கும் கச்சேரியை நேரலையில் காண்போர்க்கு ஈண்டு இரவு 9 மணி. விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டியவர்க்கு அது கண்ணயரும் வேளை. எனவே நேரலைக் கச்சேரி என்பது பணி ஓய்வுக்குப் பின்னரே தோட்டத் தொழிலாளிக்குக் கைகூடுவதாயிற்று. திருவையாற்றில் காலை 9 மணியளவில் தொடங்கும் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளோ இங்கு முற்பகல் 11.30 மணிக்கு வந்து சேர்வதால் முதியோர்க்கு இசைவானவை.

இவ்விசை தோட்டத்து மக்களுக்கு அந்நியமன்றோ எனச் சிலர் வினவலாம். கங்காணி முறையில் வந்த மக்கள் கொணர்ந்தவை தாலாட்டும் ஒப்பாரியும் கூத்தும் காவடிச் சிந்துமே. சபை மேடைகள் அவர்கட்கு உரியனவாக இருந்ததில்லை. ஆயினும் இராகங்கள் வேறு வழியில் அவர்தம் செவிகளை அடைந்திருந்தன. ‘ஹரிதாஸ்’ (1944) படத்தில் தியாகராஜ பாகவதர் பாடிய சாருகேசியும், ‘கொஞ்சும் சலங்கை’ (1962) படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு காருகுறிச்சி அருணாசலத்தின் நாதசுரம் இழைந்த ஆபேரியும் அத்தகையன. பெயர் அறியாமலேயே இராகத்தை அறிந்த செவி அது. இதனை இசையறிவு அன்று என ஒதுக்குதல் பொருந்தாது.

இனி, முதுமையில் செவிக்கு நேர்வதைக் காண்போம். வயது முதிரும்போது கேள்திறன் முதற்கண் குறைவது உயர் அதிர்வெண்களிலேயாம். உயிரொலிகளின் ஆற்றல் பெரிதும் தாழ் அதிர்வெண்களில் அமைந்துள்ளது. ச, த, ட போன்ற மெய்களைப் பிரித்துணர உதவும் கூறுகள் உயர் அதிர்வெண்களில் உள்ளன. ஆகவே இராகத்தின் போக்கு நிலைத்திருக்கச் சாகித்தியமே முதலில் மங்குகிறது. தம்பூராவின் மேற்சுர மினுமினுப்பும் உடன் மறைகிறது. ஒலியைக் கூட்டுவதால் மட்டும் இக்குறை நீங்காது. உரத்த ஒலி முதிய செவிக்கு விரைவில் துன்பமாவதால், சொல் தெளியுமுன் மிருதங்கம் இடிக்கத் தொடங்கிவிடும். செவித்துணைக் கருவிகளோ பேச்சுக்கென அமைந்தவை. அவற்றுள் இசைக்கெனத் தனி அமைப்பு இருப்பின் அதனைப் பயன்படுத்துதல் நன்று.

இவ்விடத்தில் தமிழிசை இயக்கத்தை நினைவுகூர வேண்டியுள்ளது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1941இல் நிறைவேறிய தீர்மானமும், 1943இல் சென்னையில் தோன்றிய தமிழ் இசைச் சங்கமும், கேட்போர் பொருளுணர்ந்து சுவைக்கத் தமிழ்ப் பாடல்கள் வேண்டும் என்றன. முதுமை இவ்வாதத்திற்கு மற்றொரு வலிமை தருகிறது. தேவாரமும் திருப்புகழும் மனப்பாடமாக அறிந்தவர்க்குச் செவி தவறவிட்ட மெய்யெழுத்தை நினைவு நிரப்பிவிடும். அறியாத மொழிப் பாடலில் அவ்வாறு நிரப்ப இயலாது. (தெலுங்குக் கீர்த்தனையில் அவர் புதிதாக இழப்பதற்கு ஒன்றுமில்லை என்று வேடிக்கையாகக் கூறுவாரும் உளர்.) ஆனால் கச்சேரி மரபில் தமிழ்ப் பாடல்கள் பெரும்பாலும் இறுதியில் துக்கடாக்களாகவே இடம்பெறுகின்றன. இரண்டரை மணி நேரக் கச்சேரியில் அவை ஒலிக்கும்போது மலேசியாவில் இரவு 11 மணி கடந்திருக்கும். தமக்கு மிக அணுக்கமான பகுதி வரும்போது முதியவர் நாற்காலியிலேயே உறங்கிப்போயிருப்பார். நேரலையைவிடப் பதிவு செய்த ஒளிபரப்பே இவர்க்கு ஏற்றது என்பது நம் கருத்து.

மழையும் ஓர் இடையூறு. 1996இல் தொடங்கிய ஆஸ்ட்ரோவின் செயற்கைக்கோள் ஒளிபரப்புப் பயன்படுத்தும் அலைவரிசை பெருமழையில் நலிவுறுவது. இசைவிழாக் காலமும் மழைக்காலத்தை ஒட்டியே அமைகிறது. 2020 திசம்பரில் பெருந்தொற்றின் காரணமாக மியூசிக் அகாடமி தன் விழாவை இணையவழி நடத்தியபோது, விரும்பிய நேரத்தில் கேட்கும் வாய்ப்பு விரிந்தது. எனினும் கைப்பேசியின் சிற்றொலிபெருக்கி தாழ்சுரங்களையும் விழுங்கிவிடுகிறது. மேல் அதிர்வெண்ணைச் செவி இழக்க, கீழ் அதிர்வெண்ணைக் கருவி இழக்க, எஞ்சுவது மிகக் குறைவு.

இரப்பர் செம்பனைக்கும், தோட்டம் வீடமைப்புக்கும் இடம்விட்டபின் லயங்களிலிருந்து பலர் சிரம்பான், நீலாய்ப் பகுதி வீடுகளுக்குப் பெயர்ந்தனர். லயத்தில் ஒரு வீட்டு ஒலி அடுத்த வீட்டிற்கும் உரியது; பாடலின் சொல் புரியாவிடின் அண்டை வீட்டாரைக் கேட்கலாம். தனி வீட்டு முதியவர்க்கு அத்துணை இல்லை. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இங்கு ஒன்று செய்ய இயலும். ஒளிபரப்பில் அடிக்கடி இடம்பெறும் தமிழ்ப் பாடல்கள் பத்தினைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, மாணவர் வழியே பாட்டி தாத்தாக்களிடம் சேர்ப்பிக்கலாம். பேரப்பிள்ளைகள் அவற்றை முன்னதாக உரக்கப் படித்துக் காட்டலாம். சொல்லை முன்னரே அறிந்த செவிக்கு அன்றிரவு பாடகர் பாடுவது தெளிவாகக் கேட்கும்.