ஒட்டுவது வேறு, மாற்றுவது வேறு

உங்கள் வீட்டுத் தொலைக்காட்சி மேசையின் அடித்தட்டை ஒருமுறை திறந்து பாருங்கள். கல்யாண டிவிடி இரண்டு, காதணி விழா டிவிடி ஒன்று, பழைய கேமராவின் நினைவு அட்டை ஒன்று, இப்படி ஏதாவது இருக்கும். அதைப் போட்டுப் பார்க்கும் கருவிதான் இருக்காது. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் வட்டு செருகும் இடமே இல்லை. கல்யாண வீடியோக்காரர் எழுதிக் கொடுத்த வட்டில், தகவல் ஒரு மெல்லிய சாயப் படலத்தில்தான் பதிந்திருக்கிறது. நம் நாட்டு வெப்பமும் ஈரப்பதமும் அதற்கு ஆகாது.

நான் வானொலி அறிவிப்பாளன் என்பதால், "தம்பி, இதெல்லாம் ஒரே படமா சேர்த்து போன்ல பார்க்கிற மாதிரி செஞ்சு குடு" என்று உறவினர்கள் வட்டுகளை என்னிடம் தருவது வழக்கம். அப்படி வந்ததுதான் பெரியம்மா மகளின் 2004ஆம் ஆண்டுக் கல்யாண டிவிடி. அதில் தாத்தா மணமக்களை வாழ்த்திப் பேசுகிறார். இரண்டே நிமிடம். இன்று தாத்தா இல்லை. அவர் குரல் வேறெங்கும் பதிவாகவும் இல்லை.

ஏன் துண்டு துண்டாக இருக்கிறது?

டிவிடியைக் கணினியில் திறந்தால், விஓபி என்று முடியும் கோப்புகள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றும் அதிகபட்சம் 1 ஜிபி. டிவிடியின் விதியே அதுதான். பல கேமராக்கள் பயன்படுத்தும் ஃபேட்32 முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அதனால் நீண்ட நிகழ்ச்சிகளைக் கேமராவே வெட்டி வெட்டிச் சேமிக்கிறது. வெட்டு எங்கே விழும் என்று சொல்ல முடியாது. தாத்தாவின் வாழ்த்துரை இரண்டாவது கோப்பில் தொடங்கி மூன்றாவதில் முடிந்தது.

முதலில் ஒட்டுங்கள்

பலர் குழப்பிக்கொள்வது இங்கேதான். எம்பி4, எம்கேவி என்பவை வெறும் பெட்டிகள். உள்ளே படத்தைச் சுருக்கி வைத்திருக்கும் முறை வேறு: டிவிடியில் எம்பெக்-2, கைப்பேசியில் பெரும்பாலும் எச்.264 அல்லது எச்.265. ஒட்டுவது என்றால், உள்ளே இருப்பதைத் தொடாமல் ஒரே பெரிய பெட்டிக்கு மாற்றுவது. சில நிமிட வேலை. தரம் துளியும் குறையாது. மாற்றுவது என்றால், ஒவ்வொரு படத்தையும் விரித்து மீண்டும் சுருக்குவது. மணிக்கணக்காகும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தரம் போகும். வானொலியில் நேர்காணலைத் திரும்பத் திரும்ப எம்பி3 ஆகச் சேமித்தால் குரல் மங்குவதுபோலத்தான் இதுவும். ஆகவே, ஒட்ட முடிந்ததை ஒட்டுங்கள். மாற்றுவதை ஒரே ஒரு முறை செய்யுங்கள்.

டிவிடியின் கோப்புகளை முழுவதும் முதலில் கணினிக்கு நகலெடுங்கள். அவற்றின் மொத்த அளவைப் போல இரண்டு மடங்கு காலி இடம் வேண்டும். எம்கேவிடூல்நிக்ஸ் என்ற இலவச மென்பொருளில் படத்தின் முதல் விஓபி கோப்பைச் சேர்த்தால், அடுத்தடுத்தவற்றை அதுவே எடுத்துக்கொள்ளும். கேமரா, கைப்பேசிக் கோப்புகளை ஒட்ட லாஸ்லெஸ்கட் எளிது. ஒரு நிபந்தனை: படத்தின் அளவு, சுருக்கும் முறை, நொடிக்கு எத்தனை படம், ஒலியின் தன்மை எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். மாமா கைப்பேசியில் எடுத்ததையும் அக்கா கேமராவில் எடுத்ததையும் இப்படி ஒட்ட முடியாது. அவற்றை ஒரே வகைக்கு மாற்றிய பிறகே சேர்க்கலாம்.

பிறகு மாற்றுங்கள்

இதற்கு ஹேண்ட்பிரேக் போதும், அதுவும் இலவசம். ஒட்டிய கோப்பைத் திறந்து எம்பி4, எச்.264 என்று தேர்ந்தெடுங்கள். தர அளவு ஆர்எஃப் 20 வைத்தால் டிவிடி படத்துக்குப் போதும். எண் குறையக் குறையத் தரமும் கோப்பின் அளவும் கூடும். நொடிக்கு எத்தனை படம் என்பதை மூலத்தில் உள்ளபடியே விடுங்கள். நம் நாட்டு டிவிடிகள் பெரும்பாலும் 25. அதை 30 ஆக்கினால் அசைவு தடுமாறும். 'டீஇன்டர்லேஸ்' வசதியைப் போடுங்கள். இல்லையென்றால் ஆரத்தித் தட்டு அசையும்போது சீப்புப் பல் மாதிரிக் கோடுகள் தெரியும். 720×576 அளவுப் படத்தை 4கே ஆக்க முயல வேண்டாம். கோப்புதான் பெருக்கும், முகம் தெளியாது.

இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போகலாம். பெரியம்மா வீட்டு டிவிடி 4.2 ஜிபியிலிருந்து 1.6 ஜிபிக்கு வந்தது.

கடைசியாகக் காது கொடுங்கள்

முடிந்ததும் ஒட்டிய இடங்களையும் கடைசி ஐந்து நிமிடத்தையும் கட்டாயம் பாருங்கள். ஒலி விலகியிருந்தால் தொடக்கத்தில் தெரியாது, முடிவில்தான் உதடும் குரலும் பொருந்தாமல் போகும். வெளிவன்தட்டில் வைப்பதானால் அது ஃபேட்32 முறையில் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ஃபேட் நல்லது. புலனத்தில் காணொளியாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள்.

ஒட்டிய மூலக்கோப்பை அழிக்காதீர்கள். நாளை இன்னொரு முறைக்கு மாற்ற வேண்டி வந்தால், அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதன் ஒரு நகல் உங்களிடமும், இன்னொன்று வேறு ஊரில் இருக்கும் அண்ணன், தங்கை வீட்டிலும் இருக்கட்டும். இந்த வாரக் கடைசியில் ஒரே ஒரு வட்டோடு தொடங்குங்கள். வீட்டில் யாருடைய குரல் அதில் மட்டும்தான் இருக்கிறதோ, அந்த வட்டு முதலில்.